வழக்கு நிலத்து ஆட்டுக்காரர்

ஒரு நிலத்தின் மேல் வழக்கு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒருவர் அதை வாங்கப் போகிறவர். மற்றவர் வழக்கை மறைத்து விற்கப் போகிறவர். எண்பதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் நிலக்கணக்குப் பிரிவு ஒன்றில் நான் உதவியாளராக இருந்தேன். பட்டா மாற்றம் கேட்டு வரும் நிலங்களில் எதெதன் மேல் வழக்கு நிலுவை என்று காட்டும் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கும். அந்த மேஜைக்கு ஒருநாள் மூன்றாவது வகை ஆள் ஒருவர் வந்தார். தோளில் கம்பளி. கையிலிருந்த தொரட்டியை வாசலில் சாய்த்துவிட்டு, அது விழாமல் நிற்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சார், வல்லம் ரோட்டுல பாலத்துக்கு அந்தாண்ட ஒரு பெரிய கொல்லை சும்மா கெடக்குது. அதுல கேசு இருக்குதா?"

"வாங்கப் போறியா?"

"நான் எங்க சார் வாங்குறது? கேசு இன்னும் எத்தினி வருஷம் ஓடும்னு தெரிஞ்சா போதும்."

அப்போது நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தகவல் கோரும் நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மனுவாக எழுதிக் கொடுக்கும்படி சொன்னேன். வெளியே போய் மரத்தடியில் மனு எழுதுபவரிடம் சொல்லி எழுதிக்கொண்டு வந்தார். நோக்கம் என்ற இடத்தில் 'ஆடு மடக்க' என்று இருந்தது. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு நோக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நிராகரிக்க விதி தேடினேன். கிடைக்கவில்லை.

அவரிடம் நூற்றைம்பதுக்குக் குறையாமல் செம்மறி இருந்தது. அவருடைய நைனா காலத்தில் ஆடுகளுக்கு ஒரு வருஷத்துக்கான பாதை இருந்தது. தையில் அறுப்பு முடிந்ததும் வல்லம் பக்கத்துக் கழனிகள். சித்திரையில் ஏரி வற்றியதும் ஏரிக்குள். மழைக் காலத்துக்கு மலையடிவாரத்துக் கல்தரை. போகிற இடத்தில் எல்லாம் நிலத்துக்காரர்களே வந்து கூப்பிடுவார்கள். ஆடுகளை ஒரு கொல்லையில் நாலு ராத்திரி மடக்கி வைத்தால் அந்தப் புழுக்கையும் மூத்திரமும் இரண்டு போகத்துக்கு உரம். பிறகு பம்புசெட் வந்தது. அறுப்புக்குப் பிறகும் கழனிகளில் மூன்றாம் போகப் பயிர் நின்றது. யூரியா மூட்டை வந்தது. ஏரிக்குள் திட்டம் போட்டுக் கருவேலங்கன்று நட்டுக் காவலுக்கு ஆள் வைத்தார்கள். மலையடிவாரத்தில் கல் உடைக்கத் தொடங்கினார்கள். பாதை அங்கங்கே அறுந்துபோயிற்று.

மற்ற ஆட்டுக்காரர்கள் பாதி ஆட்டை விற்றுவிட்டு மீதியை வீட்டைச் சுற்றி மேய்த்தார்கள். இவர் யோசித்திருக்கிறார். யாரும் உழாத, யாரும் விதைக்காத, யாரும் வேலி போடாத நிலம் இந்தக் காலத்தில் எது? வழக்கில் இருக்கிற நிலம். அண்ணன் உழுதால் தம்பி தடுப்பான். தம்பி விதைத்தால் அண்ணன் ஸ்டே வாங்குவான். புல் மட்டும் யாரையும் கேட்காமல் முளைக்கும். ஆக, தகராறிலிருந்து தகராறுக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதாகத் தன் வருஷத்தை மாற்றி அமைத்துக்கொண்டார். தையில் ஒரு கோயில் நில வழக்கு. சித்திரையில் கிழக்கே கடற்கரைப் பக்கம் மூன்று பங்காளிகள் வழக்கு. நாங்கள் வழக்கு எண்ணாக எழுதி வைத்திருந்ததெல்லாம் அவருக்குப் புல்.

காலி இடத்தை மோப்பம் பிடிக்கிற மூக்கு ஒன்று அவருக்கு இருந்தது. அலுவலகத்தில் ஜமாபந்தி சமயத்தில் நிற்க இடமில்லாமல் ஜனம் நெரியும். அவர் மட்டும் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் காற்றோட்டமாக உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்ஸில் நானும் அவரும் ஏறினோம். கால் வைக்க இடமில்லை. அவர் உள்ளே ஒரு நோட்டம் விட்டுவிட்டு, நேராகப் போய் ஒரு கூடைக்காரம்மா பக்கத்தில் நின்றுகொண்டார். அடுத்த நிறுத்தத்தில் அந்த அம்மா இறங்கினார். அவர் உட்கார்ந்தார். நான் செஞ்சி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"எப்படித் தெரியும்?" என்று இறங்கும்போது கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சும்மாட்டுத் துணிய எடுத்து சுருட்டிக்கிட்டிருந்திச்சு சார். எறங்கப் போறவங்கதான் சுருட்டுவாங்க."

இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சொல்கிறேன். அரிசி மில் பங்குதாரர்கள் இருவருக்குள் ஒரு நில வழக்கு இருந்தது. என் பதிவேட்டின்படி அடுத்த வாய்தா கோடை விடுமுறைக்குப் பிறகு. இன்னும் மூன்று வருஷமாவது இழுக்கும் என்று இவரிடம் சொன்னேன். இவர் தலையைச் சொறிந்தார்.

"ஆடியிலயே முடிஞ்சிரும் சார். நான் அங்கேர்ந்து ஓட்டிட்டேன்."

"கோர்ட்டு உனக்குச் சொல்லிச்சா?"

"ரெண்டு பேரும் ஒரே டிராக்டருக்கு சொல்லி வெச்சிருக்காங்க. டிரைவர் சொன்னான்."

ஆடியில் முடிந்தது. எனக்குத் தகவல் ஐப்பசியில் தபாலில் வந்தது. மேலதிகாரி ஒருநாள் என் எதிரிலேயே சொன்னார், "எந்த நிலத்துல என்ன பயிர்னு சந்தேகம் வந்தா அந்த ஆட்டுக்காரரக் கேட்டுடுங்களேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணக்குப் புத்தகத்தைக் கையொப்பத்துக்கு வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஆட்டுக்காரர் பீரோ ஓரத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

இனி எங்கள் வழக்கு. தொண்டூர் பக்கம் எங்கள் நைனா விட்டுப்போன மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லை. பாதிப் பாதி என்பது என் வாதம். "ஒன்ன படிக்க வெச்சதே ஒன் பங்கு. கொல்லையில இன்னா கேக்குற?" என்பது அண்ணன் வாதம். எங்கள் இருவரில் சட்டம் தெரிந்தவன் நான். ஆகவே வழக்குப் போட்டவனும் நான். நிலம் உள்ளபடியே இருக்க வேண்டும், யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. அதன்பின் ஏழு வருஷம் அண்ணனோடு பேச்சில்லை. வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு வரும்போது அவர் வேப்பமரத்தின் அந்தப் பக்கம் நிற்பார், நான் இந்தப் பக்கம்.

மழைக்கு ஆடுகளை எங்கே வைக்கிறாய் என்று ஆட்டுக்காரரை ஒரு தடவை கேட்டேன்.

"தொண்டூர் பக்கம் ஒரு மூணு ஏக்கரா சார். அண்ணன் தம்பி கேசு. சரளை மண்ணு, தண்ணியே நிக்காது. ஐப்பசி கார்த்திகையில ஈரத்துல நின்னா குளம்பு அழுகிடும் சார், குட்டிங்க தாங்காது. அந்த எடம் மட்டும் இல்லன்னா நான் இந்தத் தொழில விட்டிருக்கணும்."

"யாருடைய நிலம்?"

"ஒங்களுதுதான் சார்," என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். "அந்த கேசு எத்தினி வருஷம் ஓடும்னு மட்டும் நான் ரிஜிஸ்டர பாக்கச் சொல்லல. ஒங்களப் பாத்தாலே தெரியுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கொல்லைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை உண்டு. அதன் பின்னால் நின்று பார்த்தேன். ஆடுகள் என் வாதத்திலும் அண்ணன் வாதத்திலும் வித்தியாசம் பார்க்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ஒரு குட்டியை மடியில் வைத்திருந்தார். அண்ணி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வைத்தார். ஆட்டுக்காரர் ஏதோ சொன்னார். அண்ணன் சிரித்தார். உடம்பெல்லாம் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர ஒரு சிரிப்பு. சின்ன வயதில் அந்தச் சிரிப்பை வாங்குவதற்காக நான் என்னென்னவோ குட்டிக்கரணம் போட்டிருக்கிறேன். கிடைத்ததில்லை. ஆட்டுக்காரர் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டார். எனக்கு அவர் வைத்திருந்த சொல் "சார்".

மறுநாளே வக்கீலிடம் போனேன். எதிர்த் தரப்பினர் தடையுத்தரவை மீறி ஆடுகளை நிலத்தில் இறக்கியிருக்கிறார்கள், மனு போடுங்கள் என்றேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆடு பயிர் வைக்குதா சார்?"

"இல்லை."

"வேலி போடுதா? கெணறு வெட்டுதா?"

"இல்லை."

"அப்ப அது உள்ளபடியேதான் இருக்குது. ஆட்ட எத்தனாவது பிரதிவாதியா சேக்கணும்னு சொல்லுங்க, சேத்துடுவோம்."

வழக்கு முடியாமல் இழுக்க ஆட்டுக்காரரே அண்ணனைத் தூண்டிவிடுகிறாரோ என்றும் சந்தேகப்பட்டேன். இடம் நிலைக்க வேண்டுமானால் எங்கள் பகை நிலைக்க வேண்டுமே. அடுத்த தடவை அவர் வந்தபோது, "என் அண்ணன் என்னைப் பத்தி என்ன சொல்றாரு?" என்று பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சொன்னா நீங்க எழுதிக்குவீங்க சார்," என்றார்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் பாய் ஒருவரின் டீக்கடை. அவர்கள் குடும்பம் பல தலைமுறைகளாகச் செஞ்சியில் இருப்பது. கடைக்கு வராத செய்தி ஊருக்குள் வரவில்லை என்று அர்த்தம். சித்திரை மாதம், ஆடுகளைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போவதற்கு முன், ஆட்டுக்காரர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். அந்த அரிசி மில் பங்குதாரர்களில் ஒருவர், மலையோரம் தனக்கிருக்கும் கல்தரையை மழைக்காலத்துக்கு இவருக்கே விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதை இவர் வேண்டாமென்று தன் பங்காளி ஒருவருக்குக் கைகாட்டிவிட்டாராம்.

"புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்றார் பாய். "தானா வந்த எடத்த எவனாவது விடுவானா?"

"மில்லுக்காரரு இன்னிக்கு குடுப்பாரு, நாளிக்கு மனசு மாறுவாரு பாய். சார் எடம் அப்படியா?" ஆட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். "சார் ரூல் தெரிஞ்சவரு. செத்தாலும் விடமாட்டாரு. எனக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு கெட்டி."

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் கேலி இல்லை என்பது எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் யாரும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. பெற்றவர்கள் வைக்கவில்லை, இலாகா வைக்கவில்லை. என் பிடிவாதத்தை நம்பி ஒரு மனிதர் நூற்றைம்பது ஆடு வளர்த்தார்.

அந்த வாரமே ராஜி மனு எழுதினேன்.

ஏழு வருஷமாக யார் யாரோ சொல்லியும் கேட்காதவன் ஒரு வாரத்தில் எழுதினேன். கிணறு தோண்டத் தோதான கிழக்குப் பக்கத்தை அண்ணனுக்கே விட்டேன். எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டுக் காபி போடப் போனார்.

"இன்னாடா திடீர்னு?" என்றார் அண்ணன்.

"போதும்ணே."

அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நிலத்தில் வில்லங்கம் இல்லை என்று சொல்ல முடிந்தால் அவருக்கும் நல்லது. மனுவை இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

"மழைக்கு அவன் எங்கடா போவான்?"

ஏழு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

"அவருக்கா எடம் கிடைக்காது?" என்றேன். "நாம உழறது உழுவோம்."

கையெழுத்துப் போட்டார். ஆனியில் ராஜி பதிவாயிற்று. ஆடியில் உழுது மணிலாக் கொட்டை போட்டோம். ஆட்டுக்காரர் அப்போது கடற்கரைப் பக்கம் இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்தப் பக்கம் தினம் பஸ் போகிறது. ஆனால் அவர் வழக்கில் தரப்பினர் இல்லை. தரப்பினர் அல்லாதவருக்கு நோட்டீஸ் தேவையில்லை. தானே சொல்லி அனுப்புவதாக அண்ணன் சொன்னபோது, நான் கடிதம் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை.

புரட்டாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லையில் இருந்தபோது வந்தார். முன்னால் அவர், பின்னால் புழுதியோடு மந்தை. வரப்புக்கு வந்ததும் நின்றார். செடிகள் முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று நின்றன. ஆடுகள் பழக்கத்தில் உள்ளே நுழையப் பார்த்தன. ஒரு சத்தம் கொடுத்தார். அத்தனையும் நின்றன.

"ராஜி ஆயிட்டீங்களா சார்?"

"ஆயிட்டோம்."

"எப்ப?"

"ஆனியில."

தொரட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நல்ல காரியம் சார். அண்ணன் தம்பி பேசாம இருக்கக் கூடாது." குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா புடிச்சிருக்குது."

"ஜிப்சம் உரம் போட்டேன்," என்றேன்.

ஐந்து வருஷம் அவர் ஆடுகள் படுத்த மண்.

"ஆள தப்பா எட போட்டுட்டேன் சார்," என்றார். அதில் கோபம் இல்லை. தப்பு தன்னுடையது என்றுதான் சொன்னார். "அண்ணனுக்கு சந்தோஷமா?"

"சந்தோஷம்தான்."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு மந்தையைத் திருப்பினார். ஓரத்தில் ஒரு கிழட்டு ஆடு மட்டும் திரும்ப மறுத்து எங்கள் கொல்லையையே பார்த்துக்கொண்டு நின்றது. அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். ஏரிக்கரைமேல் மந்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கரையின் இரண்டு பக்கமும் தண்ணீர். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் ஒவ்வோர் ஆடாகக் காலைத் தூக்கிக் குளம்பில் ஏதோ தடவிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் சில ஆடுகள் முட்டிபோட்டு நடந்தன. நான் பஸ்ஸின் மறுபக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். என் சர்வீஸில் அவர் அங்கே காலடி வைத்தது அந்த ஒரு தடவைதான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் மேஜை முன்னால், மனுக்காரர்கள் நிற்கும் இடத்தில் நின்றார்.

"டேய், ஒங்கிட்ட ரிஜிஸ்டர் இருக்குதாமே. மேட்டு நிலமா, கேசுல கெடக்குறது ஏதாவது இருக்குதா பாரு. குட்டிங்க சாவுதுடா."

இருந்தது. பதிவேட்டைத் திறக்கவே வேண்டாம், எனக்கு நினைவிலேயே இருந்தது. ஊருக்கு மேற்கே இரண்டு மைலில், பாறையும் சரளையுமாக நாலு ஏக்கர். வழக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. மந்தையை அன்று சாயங்காலத்துக்குள் அங்கே சேர்த்துவிடலாம்.

ஏழு வருஷம் நான் காத்திருந்த மனிதர் முதல்முதலாக என்னிடம் வந்து ஒன்று கேட்கிறார். அதையும் ஆட்டுக்காரருக்காகக் கேட்கிறார். என் வாய் தானாகத் திறந்தது.

"மனுவா எழுதிக் குடுங்கண்ணே. செவ்வாய்க்கிழமை பாத்துச் சொல்றேன்."

அண்ணன் சட்டையிலிருந்து மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. டீக்கடைக்குப் போனேன்.

"சேதி தெரியாதா?" என்றார் பாய். "ஆட்டுக்காரரு நேத்து லாரி புடிச்சு ஆட்ட ஏத்திட்டாரு. மாடி கட்டுன மாதிரி நடுவுல பலகை அடிச்சு, கீழ ஒரு வரிசை, மேல ஒரு வரிசை. செஞ்சியில ஆடு லாரியில போனத இப்பத்தான் பாக்குறேன். குட்டிங்கதான் பாவம், பாதிக்கு மேல போயிடுச்சு."

"எங்க போனாரு?"

"மேக்க. மலைப் பக்கம் எங்கயோ. இனிமே மழைக்கு மழை லாரிதானாம், இந்த ஊரு ஆளுங்க மனச நம்பி ஆடு வெக்க முடியாதாம்." பாய் கிளாஸை என் முன் வைத்தார். "ஒங்க அண்ணனும் கூடவே ஏறிட்டாரு. மேல உக்காந்துக்கினு மடியில ரெண்டு குட்டி. சொல்லலையா ஒங்ககிட்ட?"

சொல்லவில்லை.

அடுத்த வாரம் மழை ஓய்ந்தது. மணிலாக் கொட்டை பிடுங்கும் பதம். ஆள் வைத்து என் பாதியையும் அண்ணன் பாதியையும் பிடுங்கினேன். ஒரு செடியைத் தூக்கினால் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. பிடுங்க வந்த பெண்கள் ஆளுக்கு ஆள், "ஆட்டுக்காரர் கொல்லையாச்சே, அப்டித்தான் காய்க்கும்," என்றார்கள். அது யாருடைய கொல்லை என்று பட்டாவைக் காட்டி விளக்க முடியுமா?

அண்ணன் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். தாடி வளர்ந்து, கறுத்து, ஆட்டு வாடையோடு வந்து கொல்லையில் கிடந்த கயிற்றுக்கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுவடையைப் பற்றிக் கேட்கவில்லை. லாரி மலையேறியது, நடுவழியில் டயர் வெடித்தது, ஆட்டுக்காரர் ஓர் ஆட்டுக்குப் பாட்டிலில் கஷாயம் புகட்டப் போய் அது அவர் வேட்டியைத் தின்றது, இடுப்பில் துண்டோடு அவர் ஊருக்குள் போய் நிலத்துக்காரரிடம் பேசி இடம் வாங்கியது என்று ஒரு மணி நேரம் சொன்னார். சொல்லும்போதே உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு மணி நேரக் கதையில் நான் ஓர் இடத்தில்கூட வரவில்லை.